வயலில் இரண்டு, சாலையில் ஒன்று

தேவ்நாரில் வயல் இல்லை. மாநகராட்சியின் இறைச்சிக்கூடம், 1927 முதல் நகரின் குப்பையைச் சுமந்துவரும் மேடு, டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் வளாகம், இவற்றைச் சுற்றி நெருங்கி எழுந்த குடியிருப்புகள் என அமைந்த பகுதி இது. ஆயினும் இங்கும், அண்டையிலுள்ள செம்பூர், கோவண்டி, மான்கூர்டு வட்டாரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சேமிப்பு பல நேரங்களில் சொந்த ஊரில் ஒரு டிராக்டராக உருவெடுக்கிறது. மும்பையில் உழைப்பவர் முன்பணம் அனுப்புகிறார். ஊரிலுள்ள தம்பியோ மைத்துனரோ வண்டியை ஓட்டுகிறார். கடனுக்கு இருவரும் பொறுப்பேற்கின்றனர். இவ்வாறு வாங்கப்படுவது பெரும்பாலும் மினி டிராக்டர் என்று ஊரார் அழைக்கும் சிறிய வகையே ஆகும்.

இத்தகைய கடனைப் பற்றி விசாரிக்க வருவோர் பல கேள்விகளுடன் வருகின்றனர். வட்டி எவ்வளவு, தவணை அரையாண்டுக்கு ஒருமுறையா ஆண்டுக்கு ஒருமுறையா, மானியம் உண்டா, எத்தனை குதிரைத்திறன் போதும் என்பனவே அவை. அனைத்தும் தேவையான கேள்விகள். ஆனால் அவற்றோடு கேட்கப்பட வேண்டிய மற்றொரு கேள்வி எவர் நாவிலும் எழுவதில்லை. வண்டியின் இரண்டு பிரேக் மிதிகளையும் இணைக்கும் கொக்கியை எப்போது கழற்ற வேண்டும், எப்போது மாட்ட வேண்டும் என்பதை ஓட்டப்போகிறவர் அறிவாரா? இக்கேள்விக்கு விடை பெறாமல் எந்தக் குடும்பமும் டிராக்டரை வீட்டுக்கு ஓட்டிவரக் கூடாது. எந்த வங்கியும் தன் கடமை முடிந்ததாகக் கருதக் கூடாது என்பதே நமது கருத்து.

ஒரு காலுக்கு ஏன் இரண்டு மிதிகள்?

காரில் ஒரே பிரேக் மிதிதான் உண்டு. அதை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் ஒருசேரக் கட்டுப்படும். டிராக்டரின் அமைப்பு வேறு. அதன் பிரேக் பின்சக்கரங்கள் இரண்டில் மட்டுமே உள்ளது. அவ்விரண்டுக்கும் தனித்தனி மிதிகள் அமைந்துள்ளன. நம் நாட்டு டிராக்டர்களில் பெரும்பாலும் இவ்விரண்டும் வலக்காலுக்கு எட்டும்படி அருகருகே இருக்கும். இடப்புற மிதி இடப் பின்சக்கரத்தையும், வலப்புற மிதி வலப் பின்சக்கரத்தையும் பிடிக்கும். இரண்டையும் ஒன்றாக்கப் பக்கத்தில் ஒரு சிறு இரும்புக் கொக்கி இருக்கும். மெக்கானிக்குகள் அதை லாக் என்பர். அது மாட்டியிருந்தால் எந்த மிதியில் கால் பட்டாலும் இரண்டும் சேர்ந்தே இறங்கும். கழற்றியிருந்தால் கால் பட்ட மிதி மட்டுமே இறங்கும்.

இந்த ஏற்பாடு வயலின் தேவையிலிருந்து பிறந்தது. பின்னால் கலப்பையோ ரொட்டவேட்டரோ தொங்கும்போது வண்டியின் எடை பின்பக்கம் சாய்கிறது. முன்சக்கரங்கள் மண்ணில் பதியாமல் இலேசாகின்றன. ஈரமான அல்லது புழுதியான நிலத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தாலும் அவை திரும்பாமல் நேராகவே வழுக்கிச் செல்லும். அப்போது உட்பக்கச் சக்கரத்தை மட்டும் பிரேக்கால் பிடித்தால், டிஃபரன்ஷியல் எனப்படும் பற்சக்கர அமைப்பு எஞ்சினின் சுழற்சியை மறுபக்கச் சக்கரத்துக்கு மாற்றிவிடுகிறது. வெளிச்சக்கரம் வேகமாகச் சுழல, நின்ற சக்கரத்தை அச்சாகக் கொண்டு வண்டி குறுகிய இடத்திலேயே திரும்பிவிடுகிறது.

நிறுவனங்கள் தரும் விவரத்தாளை ஊன்றிப் படித்தால் இதன் பயன் தெரியும். திரும்பும் ஆரம் என்ற தலைப்பில் பல தாள்களில் பிரேக்குடன் என்ற குறிப்போடு ஓர் அளவு தரப்பட்டிருக்கும். அந்தக் குறுகிய அளவைக் கண்டுதான் பலர் சிறு டிராக்டரைத் தேர்ந்தெடுக்கின்றனர். மிதிகளைப் பிரித்து, ஒரு பக்கத்தை மட்டும் பிடித்தால்தான் அந்த அளவு கிட்டும். ஆகவே கொக்கியைக் கழற்றத் தெரியாதவர், தாம் விலை கொடுத்து வாங்கிய பயனில் ஒரு பகுதியைப் பெறாமலே இருக்கிறார்.

வயலில் பிரிப்பதன் பயன்

2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலம் 1.08 எக்டேர், தமிழ்நாட்டில் அது 0.75 எக்டேர் மட்டுமே. இவ்வளவு சிறிய நிலத்தில் ஓரங்களில் திரும்புவதற்கு ஒதுக்கும் இடம் எத்துணை முக்கியம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

0.75 எக்டேர் நிலம் சதுரமாக ஒரே துண்டாக இருப்பதாகக் கொண்டால், அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 87 மீட்டர். இரு கோடிகளிலும் திரும்புவதற்கு 4 மீட்டர் வீதம் விட்டால் சுமார் 17 சென்ட் அதற்கே போகிறது. 2.5 மீட்டரில் திரும்ப முடிந்தால் 11 சென்ட் போதும். மிச்சமாவது 6 சென்ட். வரிசைப் பயிர்களில் இந்த இடம் பயிரின்றிக் கிடக்கும். மற்ற நிலங்களில் அதைத் தனியாகக் குறுக்கே மறுபடியும் உழ வேண்டியிருக்கும். உண்மையில் நம் ஊர்களில் நிலம் ஒரே துண்டாகவும் இருப்பதில்லை. நான்கு துண்டுகளாகப் பிரிந்து கிடந்தால் திரும்பும் ஓரங்களும் பெருகும்; இழப்பும் கூடும்.

இதைச் சரியாகச் செய்வதற்கு ஒரு முறை உண்டு. திரும்பும் இடம் நெருங்கியதும் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். அடுத்து மண்ணிலுள்ள கலப்பையை உயர்த்த வேண்டும். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பி, அதன் பின்னரே உட்பக்க மிதியை மெல்ல அழுத்த வேண்டும். வண்டி நேரானதும் காலை எடுத்துவிட்டுக் கலப்பையை இறக்க வேண்டும். கருவி மண்ணுக்குள் இருக்கும்போதே வண்டியை ஒடித்தால் கலப்பையின் கொத்துகளும் இணைப்புகளும் வளையும். வேகமாகச் செல்லும்போது ஒற்றை மிதியை மிதித்தால் வயலிலும் வண்டி கவிழும். வரப்பு ஓரத்திலும் சரிவிலும் இவ்வாறு திருப்புவதைத் தவிர்ப்பதே நலம்.

சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுழன்று வண்டி நகராமல் நிற்கும்போதும் இம்மிதிகள் உதவும். சுழலும் சக்கரத்தின் மிதியை மெல்ல அழுத்தினால், இழுவை மறுசக்கரத்துக்குச் சென்று வண்டி வெளிவரக்கூடும். இதற்கென டிஃபரன்ஷியல் லாக் என்ற தனி வசதியும் உண்டு. ஆனால் அந்த லாக் போட்டிருக்கும்போது வண்டியைத் திருப்பவோ ஒற்றை மிதியை அழுத்தவோ கூடாது. இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிட்டு அவற்றில் ஒன்றை மட்டும் நிறுத்த முயல்வது அச்சுக்கும் பற்சக்கரங்களுக்கும் கேடு.

சாலையில் சேர்ப்பதன் அவசியம்

வயலில் இவ்வளவு உதவுகிற அதே ஏற்பாடு சாலையில் உயிருக்கு உலை வைக்கும். கொக்கியை மாட்டாமல் சாலையில் ஏறிய வண்டியின் முன்னால் ஓர் ஆடோ சைக்கிளோ குறுக்கிடுகிறது என்று கொள்வோம். பதற்றத்தில் ஓட்டுநரின் கால் ஒரு மிதியின்மேல் மட்டும் விழுகிறது. ஒரு பின்சக்கரம் நிற்கிறது, மற்றது ஓடுகிறது. வண்டி நிற்பதற்குப் பதில் ஒரு பக்கமாகச் சுழல்கிறது. பின்னால் பாரம் ஏற்றிய டிரெய்லர் இருந்தால், அது தன் எடையால் டிராக்டரை முன்னோக்கித் தள்ளி மடக்கிவிடும். பண்ணை டிரெய்லர்கள் பலவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது என்பதால் இந்தத் தள்ளலைத் தடுக்க எதுவுமில்லை.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் டிராக்டர் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் கடக்கிறது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் ஒற்றைத் தடச் சாலையின் அகலம் 3.75 மீட்டர்; போக்குவரத்து குறைந்த இடங்களில் 3 மீட்டர். அதாவது ஒரு பக்கமாக இழுக்கப்பட்ட வண்டி தார்ச்சாலையை விட்டு இறங்குவதற்கு ஒரு நொடிகூடத் தேவையில்லை. காலை எடுத்து மறுமிதியைத் தேடுவதற்கு அவகாசமே கிடைக்காது. சாலையின் ஓரத்தில் வாய்க்காலோ கிணறோ இருந்தால் நேர்வதைச் சொல்லத் தேவையில்லை.

மினி டிராக்டரில் இந்த ஆபத்து குறைவு என எண்ணுவோர் உளர். வண்டி சிறியது, எடை குறைவு என்பது அவர்களின் வாதம். ஆனால் பயிர் வரிசைகளுக்கிடையே செல்வதற்காகவே சிறு டிராக்டரின் சக்கர இடைவெளி குறுக்கி அமைக்கப்பட்டிருக்கிறது. அடி குறுகிய வண்டி எளிதில் சாயும். மேலும் தன் எடைக்கு மீறிய பாரத்தை இழுப்பது சிறு டிராக்டருக்கே அடிக்கடி நேர்கிறது.

நிறுத்தும்போதும் இக்கொக்கி கவனிக்கப்பட வேண்டியது. பல மாதிரிகளில், பிரேக் மிதியை அழுத்திப் பிடித்து மாட்டி வைப்பதே நிறுத்து பிரேக்காகும். மிதிகள் பிரிந்திருந்தால் ஒரு சக்கரம் மட்டுமே பிடிபடும். சரிவில் நிறுத்திய வண்டி உருண்டுவிடக்கூடும். டிராக்டரின் நிழலில் படுத்து இளைப்பாறுவதும், பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடுவதும் நம் ஊர்களில் காணும் காட்சிகள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

எப்போதும் பூட்டியே வைத்தால் என்ன?

இவ்வளவு ஆபத்து இருக்குமானால், வாங்கிய நாளன்றே கொக்கியை மாட்டிவிட்டு அதை மறந்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். எளிய தீர்வுபோல் தோன்றும் இதை நாம் ஏற்பதற்கில்லை. முதலாவதாக, சிறு நிலத்துக்கான சிறு வண்டியின் பயனை அது குறைத்துவிடுகிறது. திரும்ப முடியாத ஓட்டுநர் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை வண்டியை நகர்த்துவார். டீசலும் கிளட்சும் வீணாகும். இரண்டாவதாக, பயன்படாத கொக்கி துருப்பிடித்து இறுகிவிடும். என்றாவது ஒருநாள் ஒருவர் அதைத் தட்டிக் கழற்றுவார். மறுபடி மாட்ட வராது. வாடகைக்கு ஓட்டும் மற்றொருவர் வந்து கழற்றிவிட்டுப் போனால், எப்போதும் பூட்டியே இருக்கும் என நம்பிய உரிமையாளர் அதைப் பார்க்காமலே சாலையில் ஏறுவார். அறியாமையைவிடப் பொய்யான நம்பிக்கை கேடு விளைவிக்கும்.

ஆகவே சரியான வழி மறப்பதன்று, பழகுவது. நாம் பரிந்துரைக்கும் விதி மிக எளியது. கொக்கி மாட்டியிருப்பதே வண்டியின் இயல்பு நிலை. வயலுக்குள் இறங்கிய பின்னரே அதைக் கழற்ற வேண்டும். வயலை விட்டு ஏறுவதற்கு முன் வண்டியை நிறுத்தி, கொக்கியை மாட்டி, இரண்டு மிதிகளும் ஒன்றாக இறங்குகின்றனவா எனக் காலால் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். வயலின் நுழைவிடமே எல்லை. அதற்கு இப்பால் மிதிகள் இரண்டு, அப்பால் ஒன்று.

இதோடு ஒரு பராமரிப்பு வேலையும் சேர்ந்திருக்கிறது. ஒருவர் வழக்கமாக இடப்பக்கமே திரும்பி உழுதால், இடப்புறப் பிரேக் விரைவில் தேயும். அதன் பிறகு கொக்கியை மாட்டிச் சாலையில் அழுத்தினாலும், ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் தாமதமாகவும் பிடித்து வண்டி ஒருபுறம் இழுக்கும். பூட்டிய மிதிகள் இருந்தும் பூட்டாத நிலையின் ஆபத்து வந்து சேரும். எனவே இரண்டு மிதிகளும் பிடிக்கத் தொடங்குவதற்கு முன் இறங்கும் தூரம் சமமாக உள்ளதா என்பதைக் கையேட்டில் சொன்ன கால இடைவெளியில் சரிபார்க்க வேண்டும். வெட்டவெளியில் குறைந்த வேகத்தில் ஓட்டி, மிதிகளைச் சேர்த்து அழுத்திப் பார்த்தாலே வண்டி நேராக நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

விடுமுறையில் ஓட்டுபவர்

மும்பை வாசகர்களுக்கு நாம் தனியாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பொங்கலுக்கும், கோயில் கொடைக்கும், பிள்ளைகளின் மே மாத விடுமுறைக்கும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் போன்ற இரயில்களில் ஊருக்குச் செல்பவர்களில் டாக்சி, ஆட்டோ, கார் ஓட்டிப் பழகியவர்கள் ஏராளம். இருபது ஆண்டுகள் சயான், குர்லா நெரிசலில் வண்டி ஓட்டியவருக்கு ஊர்ச்சாலையில் டிராக்டர் ஓட்டுவது ஒரு பொருட்டாகத் தோன்றாது. தம்முடைய பணத்தில் வாங்கிய வண்டி என்ற உரிமையும் சேர்ந்துகொள்கிறது.

இவரே நம் கணிப்பில் மிகுந்த ஆபத்துக்குள்ளாகக் கூடியவர். புதிதாகப் பழகுபவர் அஞ்சி அஞ்சி ஓட்டுவார். காலால் எதை அழுத்துகிறோம் என்று பார்த்துப் பார்த்து அழுத்துவார். கார் ஓட்டிப் பழகியவரின் கால் பார்ப்பதில்லை. கிளட்சுக்கு வலப்புறத்தில் முதலில் எட்டும் மிதியே பிரேக் என்று அது பல்லாண்டுகளாகப் படித்து வைத்திருக்கிறது. நெருக்கடியில் அது அந்த ஒரு மிதியின்மேலேயே போய் விழும். கொக்கி மாட்டியிருந்தால் அந்தப் பழக்கம் அவரைக் காப்பாற்றும். மாட்டாதிருந்தால் அதே பழக்கம் அவரைக் கவிழ்க்கும். சட்டப்படி அவரிடமுள்ள உரிமம் செல்லும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டரை இலகுரக வாகன வகையிலேயே சேர்த்திருக்கிறது. ஆனால் உரிமம் செல்லும் என்பதாலேயே கால் பழகிவிட்டது என்று ஆகாது.

கடனும் காப்பீடும்

இது வங்கிக்கு ஏன் அக்கறைக்குரியது என்று கேட்கலாம். விவசாயக் கடனில் பிணையின்றித் தரத்தக்க வரம்பை ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 1 முதல் 2 இலட்ச ரூபாயாக உயர்த்தியுள்ளது. மினி டிராக்டரின் விலை அதைத் தாண்டிவிடுகிறது. ஆகவே வண்டி வங்கிக்கு ஈடாக இருப்பதோடு, பல நேரங்களில் ஊரிலுள்ள நிலமும் அடமானமாகிறது. திருப்பிச் செலுத்தும் காலம் பொதுவாக ஐந்து முதல் ஒன்பது ஆண்டுகள் வரை நீள்கிறது. அந்தக் காலத்துக்குள் வண்டி கவிழ்ந்தால் இழப்பது இரும்பு மட்டுமன்று. ஓட்டியவர் படுக்கையில் விழுந்தால் உழவு நிற்கிறது. வாடகை வருமானம் நிற்கிறது. மும்பையிலிருப்பவர் தவணையும் கட்டி, மருத்துவச் செலவும் ஏற்க வேண்டியதாகிறது. உயிரே போய்விட்டால் எந்தத் தவணைக் கணக்கும் அதை ஈடுசெய்யாது.

காப்பீடு இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வோர் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். மோட்டார் காப்பீட்டோடு வரும் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பு 15 இலட்ச ரூபாயாக உள்ளது. அது பதிவுச் சான்றில் பெயருள்ள, செல்லுபடியாகும் உரிமம் வைத்திருக்கும் உரிமையாளருக்கே உரியது. வண்டி மும்பையிலுள்ள அண்ணன் பெயரில் பதிவாகி, ஊரிலுள்ள தம்பி அதை ஓட்டினால், அந்தக் காப்பு தம்பியைச் சேராது. அவருக்கெனக் கூடுதல் காப்பு தனியே கேட்டுச் சேர்க்கப்பட வேண்டும். அல்லது யார் ஓட்டப்போகிறாரோ அவர் பெயரிலேயே வண்டி பதிவாக வேண்டும். டிரெய்லருக்கும் தனியே பதிவும் காப்பீடும் தேவை.

டிராக்டரில் இருக்கை ஒன்றே, அது ஓட்டுநருக்குரியது. மட்கார்டிலும் டிரெய்லரிலும் ஆட்களை ஏற்றிச் சென்று விபத்து நேர்ந்தால் நட்டஈடு பெறுவது அரிது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டம் கட்டம்பூர் அருகே, கோயிலுக்குச் சென்று திரும்பியோரை ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த விபத்துக்கும் பிரேக் மிதிக்கும் தொடர்பு உண்டென நாம் கூறவில்லை. ஆனால் ஒரு டிராக்டர் கவிழும்போது அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே இழப்பின் அளவைத் தீர்மானிக்கிறது என்பதை அது நாட்டுக்கு உணர்த்தியது. பாரம் ஏற்றவே அமைந்த டிரெய்லரில் ஆள் ஏறலாகாது.

யார் என்ன செய்ய வேண்டும்?

உலகிலேயே மிகுதியாக டிராக்டர் விற்பனையாகும் நாடு நம்முடையது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான வண்டிகள் விற்கின்றன. 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனமும், 1963இல் கூட்டு முயற்சியாகத் தொடங்கிய மகிந்திராவின் டிராக்டர்த் தொழிலும் இதில் முன்னோடிகள். பின்னதன் தொழிற்சாலை நம் நகரின் காந்திவலியிலேயே இருக்கிறது. இத்தனை வலுவான தொழிலிடம் நாம் கேட்பது பெரிய மாற்றமன்று. கொக்கி மாட்டாமல் வேகமான கியரில் சென்றால் ஒலி எழுப்பும் எச்சரிக்கை, மிதியருகே கண்ணுக்குத் தெரியும் வண்ணக் குறி, வாங்குபவரின் மொழியில் அச்சிட்ட கையேடு ஆகியன போதும். கவிழ்ந்தாலும் ஓட்டுநரை நசுக்காமல் காக்கும் சட்டகத்தைப் புதிய டிராக்டர்களுக்கு ஸ்வீடன் 1959லேயே கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 1985 முதல் 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டிகளில் உற்பத்தியாளர்கள் தாமாகவே அதைப் பொருத்தி வருகின்றனர். மனிதர் தவறக்கூடும் என்று முன்னரே எண்ணி இயந்திரத்தை அமைப்பதே பொறியியலின் மேன்மை.

ஆனால் அது வரும்வரை காத்திருக்க இயலாது. விற்பனையாளர் வண்டியை ஒப்படைக்கும் நாளில் சாவியோடு மாலையும் ஒளிப்படமும் தந்து அனுப்பினால் போதாது. கொக்கியைக் கழற்றிக் காட்டி, மாட்டிக் காட்டி, ஓட்டப்போகிறவரையே ஒருமுறை செய்யச் சொல்ல வேண்டும். முறையான பயிற்சி வேண்டுவோருக்கு மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும், தென்மாநிலத்தவருக்கு ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயிலும் நடுவண் அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையின் அலுவலர்களை அணுகலாம்.

வங்கியாளர்களாகிய நாம் செய்யக்கூடியதும் உண்டு. கடன் வழங்கிய பின் வண்டியைப் பார்வையிடச் செல்லும் அலுவலர் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் குறித்துக்கொள்கிறார். காப்பீட்டுத் தாளைச் சரிபார்க்கிறார். அந்தப் படிவத்தில் மேலும் ஒரு வரி சேர வேண்டும். ஓட்டுநர் பிரேக் மிதிகளைப் பூட்டியும் பிரித்தும் காட்டினாரா, ஆம் அல்லது இல்லை. இதற்குச் செலவு ஏதுமில்லை. இரண்டு நிமிடம் போதும். அலுவலர் பொறியாளராக இருக்க வேண்டியதுமில்லை. வணிகவியல் படித்த நமக்கே புரிகிற செய்தி இது. வண்டி ஓடினால்தான் தவணை வரும் என்பதை அறிந்த வங்கி, வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்குமா என்றும் கேட்பது முறையே.

இறுதியாக, பணம் அனுப்பும் குடும்பங்கள். அண்ணனுக்கு வயலில் என்ன தெரியும் என்று தம்பி நினைக்கலாம் எனத் தயங்க வேண்டியதில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் கேட்கும் உரிமை பெற்றவர். வாராவாரம் பேசும்போது மழையையும் விளைச்சலையும் விசாரிப்பதோடு, "ஏலே தம்பி, ரோட்டுல ஏறும்போது ரெண்டு பிரேக்கையும் சேத்துப் பூட்டுதியா?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள். ஊருக்குப் போனால், வண்டியில் ஏறி அமர்வதற்கு முன் குனிந்து அந்தக் கொக்கியைக் கண்ணால் பாருங்கள். எல்லா மாதிரிகளிலும் அமைப்பு ஒன்றுபோல் இராது. புரியாவிட்டால் ஓட்டுபவரிடம் காட்டச் சொல்லுங்கள். அவருக்கும் தெரியாது என்றால், தெரிந்துகொள்ளும்வரை வண்டி சாலையில் ஏற வேண்டாம்.

கடனின் பெரிய செய்திகள் யாவும் தாளில் எழுதப்பட்டுக் கையெழுத்தாகின்றன. இக்கொக்கி எந்தத் தாளிலும் இல்லை. வயலை விட்டு ஏறும் ஒவ்வொரு முறையும் ஓட்டுபவரின் கை அதை மாட்ட வேண்டும். அந்தப் பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றினால், டிராக்டருக்காகச் செலுத்தும் தவணைகள் யாவும் உழைத்த பணத்துக்கு உரிய பலனைத் தரும்.